வீட்டுக்குள் நீச்சல் குளம்: கணக்குப் போடாமல் கடப்பாரை போடாதே!

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



நம் வில்லியனூர், பாகூர் பக்கம் புதுசாக எழும்புகிற வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். முன்னெல்லாம் வீட்டுப் பிளான் போடும்போது "தம்பி, பூஜை ரூம் ஈசான மூலையில வருதா?" என்பதுதான் முதல் கேள்வி. இப்போது அதற்கடுத்து இன்னொரு கேள்வியும் வருகிறது. "பின்னால காலி இடம் இருக்கே, ஒரு சின்ன ஸ்விம்மிங் பூல் வச்சா என்ன செலவாகும்?"

கேட்பவர் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். அங்கே பேரப்பிள்ளைகள் வீட்டுக் குளத்தில் நீந்திப் பழகியிருப்பார்கள். பண்ணை வீடு கட்டும் வியாபாரியாக இருக்கலாம். சனி, ஞாயிறு வாடகைக்கு விடும் எண்ணத்தில் கட்டுகிறவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் கேள்வி வந்து விழுவது டிப்ளமோ படித்துவிட்டு சைட்டில் நிற்கிற நம்மிடம்தான். பெரிய ஆர்க்கிடெக்ட் நகரத்தில் இருப்பார். மேஸ்திரி "அதெல்லாம் கட்டிடலாம் சார், பெரிய தண்ணித் தொட்டி மாதிரிதானே" என்பார். நடுவில் நிற்பது நாம்.

அப்போது நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. "பணக்காரன் ஆடம்பரம், நமக்கென்ன" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வதும் சரியில்லை. "ஆர்டர் கிடைச்சா சரி" என்று தலையாட்டுவதும் சரியில்லை. கணக்கைப் போட்டு எதிரே வைப்பதுதான் நம் படிப்புக்கு மரியாதை என்பது என் கருத்து.

ஆயி இடித்த வீடு

நம் மண்ணில் குளத்துக்கு ஒரு கதை உண்டு. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். ஆயியோ, தானே வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து புதுவை நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தபோது, அந்த ஆயியின் நினைவாகக் கட்டியதுதான் பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டு வரும் பங்காரு வாய்க்காலுக்கும் இப்படித்தான் பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்களின் கதையைச் சொல்வார்கள்.

கதை எவ்வளவு உண்மையோ, அதன் கருத்து உண்மை. அன்று ஒரு வீடு ஊர்க் குளம் ஆனது. இன்று ஊர்த் தண்ணீர் ஒரு வீட்டுக் குளம் ஆகிறது. இந்த மாற்றத்தைக் கூச்சமில்லாமல் செய்ய வேண்டுமென்றால் ஒரே வழிதான்: அந்தக் குளத்துக்கு ஊர்த் தண்ணீரைத் தொடாமல் இருப்பது. முடியுமா? முடியும். கணக்குப் பார்ப்போம்.

முதல் கணக்கு: தண்ணீர்

உதாரணத்துக்கு 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் என்று ஒரு குளத்தை எடுத்துக் கொள்வோம். நம்ம ஊர் நில அளவையில் ஒரு குழி 576 சதுர அடி. ஆக இது அரைக் குழி. கொள்ளளவு 1,152 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 32,600 லிட்டர். கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்தக் கணக்கில், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து மாதத் தண்ணீர் இது.

உடனே ஒரு நண்பர் எழுந்து கேட்பார்: "ஏன்பா, ஒரு காணி நெல்லுக்கு எவ்வளவு தண்ணி பாயுது தெரியுமா?" நியாயமான கேள்வி. ஒரு காணி என்பது 100 குழி, 57,600 சதுர அடி. ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 64 லட்சம் லிட்டர். நம் குளம் அதில் சுமார் இருநூறில் ஒரு பங்குதான்! ஆகவே ஒரு வீட்டு நீச்சல் குளம் பாகூரைப் பாலைவனம் ஆக்கிவிடும் என்று மேடையில் முழங்கினால் அது பொய்.

ஆனால் நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்புகிறது, மிச்சம் சோறாகிறது. நீச்சல் குளத்துக்கு ஆசை வருவது ஏப்ரல், மே மாதத்தில். போர் மட்டம் இறங்கி, கடலோரப் பக்கம் உப்பு ஏறுகிற நேரமும் அதுதான். ஒரு காலத்தில் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வந்த ஆர்ட்டீசியன் கிணறுகள் இருந்த பூமி இது. இன்று போரை இன்னும் ஆழமாக இறக்குகிறவர்கள் யாருடைய தண்ணீரை இழுக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரருடையதைத்தான். அதனால் அளவு சின்னதாக இருந்தாலும், எங்கிருந்து, எந்த மாதத்தில் எடுக்கிறோம் என்பது பெரிய விஷயம்.

கூரையே காவிரி

புதுவையில் வருஷத்துக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழும் மழையில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தால் 90,000 லிட்டருக்கு மேல் வரும். குளத்தை இரண்டு தடவை நிரப்பியும் மீதி நிற்கும்!

அடுத்து, ஆவியாவது. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொண்டால் 288 சதுர அடிப் பரப்பில் தினமும் 134 லிட்டர் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய குளம், ஜனவரியிலிருந்து மே முடிய 150 நாளில் 20,000 லிட்டரை ஆகாயத்துக்குக் கொடுத்துவிடும். மட்டம் இரண்டரை அடி இறங்கும். "குளிக்கலாம்னு வந்தா முழங்கால் தண்ணிதான் இருக்கு" என்று வீட்டுக்காரர் நம் மீதுதான் பாய்வார்.

இதற்கு வழி இரண்டு. குளத்தை உபயோகிக்காத நேரம் மூடி வைக்கும் விரிப்பு; இது ஆவியாவதைப் பெருமளவு தடுக்கும், குப்பையையும் தடுக்கும். இரண்டாவது, 10 அடிக்கு 10 அடி, 7 அடி ஆழத்தில் ஒரு மழைநீர்ச் சம்ப். அது கிட்டத்தட்ட 20,000 லிட்டர் பிடிக்கும். சரியாகக் கணக்குப் போட்டால் போரைத் தொடவே வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. போர்த் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் குளோரின் போட்டதும் செம்மண் நிறமாகும். சுண்ணாம்புச் சத்து இருந்தால் டைல்ஸில் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீரில் இந்தத் தலைவலி இல்லை. அதில் காரத்தன்மையும் சுண்ணாம்பும் குறைவாக இருப்பதால் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரிக்காதபடி முதலில் சரிசெய்து கொண்டால் போதும்.

ஆகவே என் முதல் கருத்து: எஸ்டிமேட்டில் மழைநீர்ச் சம்ப் இல்லாத நீச்சல் குளத்துக்கு நாம் பிளான் போடக் கூடாது. "அதை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றால், அப்புறம் என்பது வராது என்று நமக்குத் தெரியாதா?

இரண்டாவது கணக்கு: குளம் மிதக்குமா?

சிரிக்காதீர்கள். குளம் மிதக்கும். ஸ்ட்ரக்சர் பாடம் படித்த நமக்கே இது சட்டென்று தோன்றுவதில்லை.

சுவரும் தளமும் 8 அங்குல கான்கிரீட் என்று வைத்தால் வெளி அளவு 25 அடி 4 அங்குலத்துக்கு 13 அடி 4 அங்குலம், உயரம் 4 அடி 8 அங்குலம். மொத்தக் கன அளவு சுமார் 1,576 கன அடி. உள்ளே காலியிடம் போக கான்கிரீட் 424 கன அடி, அதாவது 12 கன மீட்டர். எடை 30 டன். நிலத்தடி நீர் தரை மட்டம் வரை ஏறி நிற்கும்போது அந்தத் தொட்டியை மேலே தள்ளும் விசை எவ்வளவு? ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி 1,576 கன அடித் தண்ணீரின் எடை, சுமார் 44 டன். தொட்டி 30 டன், தள்ளுவது 44 டன். குளத்தைச் சுத்தம் செய்ய அந்த நேரம் பார்த்துக் காலி செய்தால், கப்பல் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக் கொள்ளும். பைப் உடையும், தளம் விரியும், போட்ட பணம் போச்சு.

நீர் மட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வந்தாலே இரண்டும் சமமாகிவிடும். 1.2 என்ற பாதுகாப்புக் காரணியையும் சேர்த்தால் 2 அடி ஆழத்திலேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். "எங்க ஊர்ல தண்ணி அவ்வளவு மேலயா வரும்?" என்று கேட்கலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் அடித்தபோது புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே! அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கக் கிராமங்களுக்குள் புகுந்ததே! அந்த வாரத்தில் நிலத்தடி நீர் எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏரிப் பாசனப் பகுதியில், களிமண் பூமியில், மழை நாளில் ஒரு குழி தோண்டினாலே தண்ணீர் ஊறி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஆகவே குளம் வெட்டும் இடத்தில் முதலில் ஒரு சோதனைக் குழி. மழைக்கால மட்டம் என்ன என்று அக்கம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் கிணற்றுச் சுவரைக் காட்டிச் சொல்லும் அடையாளத்தை விடச் சிறந்த ரெக்கார்டு கிடையாது. பிறகு தளத்தைத் தடிப்பாக்கலாம். தளத்தைச் சுவருக்கு வெளியே ஒரு அடி நீட்டி மேலே மண்ணை நிரப்பி எடை ஏற்றலாம். அடியில் ஜல்லி பரப்பி ஓரமாக ஒரு உறை கிணறு வைத்து ஊற்றுத் தண்ணீரை இறைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும்: "மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள்."

மூன்றாவது கணக்கு: பட்ஜெட்

ரூபாயை நான் எழுதப் போவதில்லை. மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் சிமெண்ட் விலை மாறியிருக்கும். அளவுகளை எழுதுகிறேன், அன்றைய ரேட்டால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

மண் வேலை: வேலை செய்ய இடம் விட்டுத் தோண்டினால் 26 யூனிட். வெட்டிய மண் உப்பி 32, 33 யூனிட் ஆகும். டிராக்டருக்கு ஒரு யூனிட் என்றால் முப்பதுக்கு மேல் நடை. அதை எங்கே கொட்டுவது? பெரும்பாலான எஸ்டிமேட்டில் இந்த வரியே இருக்காது. கடைசியில் வாய்க்காலோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். வாய்க்கால் தூர்ந்தால் யார் வயலுக்குத் தண்ணீர் போகாது என்று நமக்குத் தெரியும்.

கான்கிரீட்: 12 கன மீட்டர். தண்ணீர் தேக்கும் கட்டுமானங்களுக்கு ஐ.எஸ். 3370 என்று தனி விதி நூல் இருக்கிறது. 2009-இல் திருத்திய பதிப்பிலிருந்து இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது. கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 100 மூட்டை சிமெண்ட். கம்பி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் 1.2 டன். இது உத்தேசம்தான், முடிவான அளவு டிசைனில்தான் வரும்.

டைல்ஸ்: தளம் 288 சதுர அடி, நாலு சுவரும் சேர்ந்து இன்னொரு 288. மொத்தம் 576, சேதாரம் சேர்த்து 620.

பம்பும் வடிகட்டியும்: மொத்தத் தண்ணீரும் 6 மணி நேரத்தில் ஒரு சுற்று வர வேண்டும் என்றால் மணிக்கு 5,400 லிட்டர். அதற்கேற்ற மணல் வடிகட்டி, பைப் லைன், எர்த் லீக்கேஜ் சர்க்யூட் பிரேக்கர். இந்தக் கடைசிச் சாமானில் பேரம் பேசக் கூடாது; தண்ணீரும் கரண்டும் சேரும் இடம்.

இத்துடன் சம்ப், வேலி, மூடும் விரிப்பு, 10 சதவீதம் எதிர்பாராச் செலவு. இதெல்லாம் கட்டும் செலவு மட்டும். மாதச் செலவை யார் சொல்வது? முக்கால் கிலோவாட் இழுக்கும் பம்பு தினம் 6 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 1,640 யூனிட் கரண்ட். குளோரின் அளவு 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8. அளவை 2 பி.பி.எம். ஏற்ற 65 சதவீதச் சத்துள்ள குருணை 100 கிராம் வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது சீக்கிரமே கரைந்து போகும், திரும்பப் போட வேண்டும். வடிகட்டியைக் கழுவ வாரம் 500 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 26,000 லிட்டர். இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு "அப்ப வேணாம் தம்பி" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நாம் செய்த உதவி அது. கட்டிவிட்டு இரண்டாம் வருஷம் பாசி படிந்து, கொசு முட்டையிட்டு நாறும் குளத்தை விட, கட்டாத குளம் எவ்வளவோ மேல்.

ஒழுகும் குளம் திருட்டுக் குளம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தினம் ஒரு அங்குலம் ஒழுகும் குளம், நாளைக்கு 680 லிட்டர் இழக்கிறது. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் லிட்டர்! ஆவியாவதைப் போல ஐந்து மடங்கு. ஆசைப்பட்டவர் மீதும் ஆகாயத்தின் மீதும் இந்தப் பழியைப் போட முடியாது. இது வேலை செய்த நம் மீது விழும் பழி. வைப்ரேட்டர் போடாத கான்கிரீட், கவர் பிளாக் வைக்காத கம்பி, தளமும் சுவரும் சேரும் இடத்தில் வாட்டர் ஸ்டாப் இல்லாத ஜாயிண்ட், மூன்று நாளில் நிறுத்திய க்யூரிங்: திருடர்கள் இவர்கள்தான். தண்ணீர்ச் சிக்கனம் பற்றிக் கவிதை எழுதுவதை விட, ஜாயிண்டை ஒழுங்காகப் போடுவது பெரிய சிக்கனம்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே நிரப்பி ஏழு நாள் பார்க்க வேண்டும். ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் குளத்துப் படியில் வையுங்கள். இரண்டு மட்டத்தையும் குறித்து வையுங்கள். பக்கெட்டில் குறைந்தது ஆவி. குளத்தில் அதற்கு மேல் குறைந்தது ஒழுகல். ஐந்து காசு செலவில்லாத சோதனை!

உயிரும் சட்டமும்

பிரான்சில் 30 லட்சத்துக்கும் மேல் தனியார் நீச்சல் குளங்கள் உண்டு. அங்கே 2003 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டார்கள்: வீட்டுக் குளத்துக்கு வேலி, மூடி, அலாரம், கூண்டு இவற்றில் ஒன்றாவது கட்டாயம். காரணம், மூழ்கி இறந்த குழந்தைகள். அங்கிருந்து ஆசையைக் கொண்டு வருகிறவர்கள் அந்தச் சட்டத்தையும் மனதில் கொண்டு வரட்டும். நாலு பக்கமும் நாலடி வேலி, தானாக மூடும் கதவு. இது பிளானிலேயே இருக்கட்டும். கிராமத்தில் எந்தக் கதவும் பூட்டியிருப்பதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நம் பிள்ளைதான்.

தண்ணீர் விஷயத்திலும் உலகம் பாடம் சொல்கிறது. 2023 வறட்சியில் தெற்கு பிரான்சின் பிரனே-ஓரியாந்தால் மாவட்டத்தில் நீச்சல் குளம் நிரப்பத் தடை போட்டார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரை நீச்சல் குளத்தில் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். நம் ஊரில் 2002-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டப்படி புதுப் போர் இறக்கவே அனுமதி வாங்க வேண்டும். கட்டடத்துக்குத் திட்டக் குழுமம், கொம்யூன் பஞ்சாயத்து அனுமதி. "சின்னக் குளம்தானே, யார் பாக்கப் போறா" என்கிற பேச்சுக்கு நாம் துணை போகக் கூடாது.

முடிவாக…

நண்பர்களே! நம்மில் பலர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தக் கற்றவர்கள். ஐரோப்பிய உதவியோடு 1999-இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் புதுவைப் பகுதியின் 84 ஏரிகளையும் எடுத்துக் கொண்டார்கள். அந்தக் கரைகளில் மண் சுமந்தவர்கள் நம் உறவுக்காரர்கள். அந்த ஏரிகளின் மடை எங்கே, கலங்கல் எங்கே என்று நமக்குத் தெரியும். அந்த அறிவை சைட்டில் நிற்கும்போது கழற்றி வைத்துவிட வேண்டாம்.

வேலை தேவைதான். டிப்ளமோ முடித்தவனுக்கு முதல் ஆர்டரை வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லை, வீட்டில் அம்மா கேட்பாள். ஆனாலும் கூரைத் தண்ணீர் வேண்டாம், போர்தான் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், "மன்னிச்சுக்குங்க ஐயா, இந்த வேலை நம்மால ஆகாது" என்று எழுந்து வரும் தைரியம் ஒருவருக்காவது வரட்டும். அடுத்து வருகிறவன் அதைக் கட்டிக் கொடுத்துவிடுவான் என்பது தெரிந்ததுதான். அவனும் நம் பாலிடெக்னிக்கில் படித்தவனாக இருந்து, அவனும் அதே பதிலைச் சொன்னால்? அதற்குத்தான் இந்த மலரில் இதை எழுதுகிறேன்.

டேப்பும் கால்குலேட்டரும் கையில் இருக்கிறது. முதலில் தண்ணீரை அளப்போம். பிறகு குளத்தை அளப்போம்.